பஞ்சு முத்துமாலை

தூத்துக்குடியில் ஒரு மாடிக் குடியிருப்பு. விளக்கு வைத்துச் சற்று நேரம் ஆகியிருந்தது. அடுக்களையில் நின்ற ஜெனிட்டாவுக்கு ஒரு சத்தம் கேட்டது. ஒரு தீப்பெட்டியின் குச்சி அத்தனையும் ஒரே உரசலில் பற்றினால் எப்படியிருக்கும், அப்படி ஒரு 'புஸ்'. அதற்குப் பிறகுதான் மகளின் அலறல்.

சத்தம் வந்த வழியை முதலில் சொல்லிவிட வேண்டும். ஐந்து வயது மெர்லினுக்குக் கிறிஸ்துமஸ் நாடகத்தில் ராணி வேடம். முத்துக்குப் பேர்போன ஊரில் ராணி வெறுங்கழுத்தோடு மேடை ஏறலாமா? நாத்தனார் ஸ்டெல்லா பஞ்சை உருட்டி, நெயில் பாலிஷை மூன்று தடவை பூசி, தூண்டில் நரம்பில் கோத்துக் கொடுத்தாள். அசல் முத்து தோற்றது. நெயில் பாலிஷ் எப்படிப் பற்றும் என்று அந்த வீட்டில் ஒருவருக்கும் தெரியாது. மாலையைக் கழற்ற மாட்டேன் என்று அடம்பிடித்த பிள்ளை, செபம் முடிந்ததும் வழக்கம்போல மாதா சுரூபத்தின் பாதத்தில் உதடு வைத்து முத்தி செய்யக் குனிந்தாள். மாலை முன்னால் தொங்கி, சுரூபத்தின் முன் எரிந்த மெழுகுவர்த்தியைத் தொட்டது.

பக்கத்தில் இருந்த ஸ்டெல்லா எரியும் மாலையை வெறுங்கையால் இழுத்தாள். மீன் பிடிக்கிற நரம்பு அறுந்துவிடுமா? தலைவழியே உருவி வீசினாள். உள்ளங்கை இரண்டும் வெந்தன. மாலை தொட்டிலுக்குப் பக்கத்து மெத்தையில் விழுந்ததை அவள் பார்க்கவில்லை.

ஜெனிட்டா மகளை வாரிக்கொண்டு வெளியே ஓடினாள்; ஸ்டெல்லாவும் வெந்த கையோடு பின்னாலேயே ஓடினாள். எதிர்வீட்டு நர்ஸ் டெய்சி பிள்ளையை வாங்கி, கழுத்தைக் குழாய்த் தண்ணீரில் பிடித்தாள். இருபது நிமிடம் விடவே இல்லை. பற்பசையோடு வந்தவர்களை, "அதை வச்சுப் பல்லு விளக்குங்க, போங்க" என்று விரட்டினாள்.

டெய்சி குழாயைத் திறந்த அதே நேரத்தில், தேய்த்த துணிக்கட்டோடு படியேறி வந்தாள் இஸ்திரிக்கார அமலோற்பவம். எல்லாரையும் ஒரு பார்வை பார்த்தாள்.

"யம்மா, தொட்டில்ல கெடந்தது எங்க?"

ஜெனிட்டா திரும்பிப் பார்த்தாள்; மெத்தை பற்றி, வாசல்வரை புகை வந்திருந்தது. மூன்று மாதக் குழந்தையைப் பெற்றவளே மறந்துபோயிருந்தாள்.

அமலோற்பவம் முந்தானையை நனைத்து முகத்தில் கட்டிக்கொண்டு, புகைக்கு அடியில் தவழ்ந்து போனாள். குழந்தையோடு தவழ்ந்தே வந்தாள். வந்ததும் அந்த அறைக் கதவை இழுத்துச் சாத்தினாள். தீ அதைத் தாண்டவில்லை.

புகை குடித்த குழந்தையும் அமலோற்பவமும் நான்கு நாள் ஆஸ்பத்திரியில் கிடந்தார்கள். கர்த்தர் கிருபை, எல்லாரும் வீடு திரும்பினார்கள். மெர்லின் கழுத்தில் நூல் அளவுக்குத்தான் தழும்பு. ஆனால் அன்று முதல் ஜெனிட்டா வாசல் கதவுக்குத் தாழ்ப்பாள் போடுவதில்லை. போட்டுவிட்டால், ஆபத்துக்கு யார் உள்ளே வர முடியும் என்று பயம்.

தை மாதம் கைக்குழந்தைக்கு ஞானஸ்நானம் வந்தது. "பெத்தவ இல்லாத எடத்துல அவ எடத்துல நிக்கிறவதான் ஞானத்தாய். ஒருத்தியைச் சொல்லும்மா" என்றார் பங்குச் சாமியார்.

"மைனி, என் கையைப் பாருங்க. நான் உருவலைன்னா பிள்ளைக்கு மொகம் இருந்திருக்குமா?" என்றாள் ஸ்டெல்லா.

"பத்துற மாலையைக் கோத்ததும் இந்தக் கைதானே, தாயி" என்றாள் டெய்சி. "அந்தக் கழுத்துல தழும்பு நூலளவோட நின்னுச்சுன்னா அது நான் பிடிச்ச தண்ணி."

அமலோற்பவம் எதுவும் கேட்கவில்லை. "அன்னைக்குத் துணிக்கட்டைக் கீழ போட்டுட்டேன்மா. சாரோட வெள்ளைச் சட்டை கரியாயிட்டு. துவைச்சுத் தாரேன்."

மூவருக்கும் நன்றி சொல்ல ஜெனிட்டாவுக்கு ஓர் ஆயுள் போதாது. இடமோ ஒன்றுதான். வாசிக்கிறவர்களே, அந்த இடம் மூவரில் யாருக்கு உரியது?

விடை: ஸ்டெல்லாவும் டெய்சியும் கண்முன்னே அழுத பிள்ளையைக் காத்தார்கள், அந்தக் கடன் மெர்லின் உள்ளவரை உண்டு. ஆனால் அழக்கூட மூச்சில்லாத பிள்ளையை, பெற்றவள் மறந்த நேரத்தில் நினைத்தவள் ஒருத்தி. தாயின் இடத்தில் அவள் அன்றைக்கே நின்றுவிட்டாள். அமலோற்பவம் கையில் குழந்தை ஞானஸ்நானம் பெற்றது. மெழுகுவர்த்தியைத் தள்ளிப் பிடித்து நின்றாள் டெய்சி. ஸ்டெல்லா வெந்த கையாலேயே குழந்தைக்கு வெள்ளை உடுப்புப் போட்டாள். அன்றிரவு ஜெனிட்டா கட்டிலை ஒருமுறை, தொட்டிலை ஒருமுறை தொட்டுப் பார்த்தாள். இரண்டு பிள்ளைகளும் இருந்தார்கள்; இனி அவளே மறக்க மாட்டாள். பிறகு வாசலுக்குப் போய், தாழ்ப்பாளைப் போட்டாள்.