அடைக்கோழிக்கு அடியில்

“எல்லாப் பேரும் தெரியும் அம்மா. உள்ளே இருக்கறது உசுரோட இருக்கான்னு மட்டும்தான் தெரியலை.”

வடிவு வாசலிலேயே நின்று சொன்னாள். கையில் ஒரு சட்டி. வாழையிலை போட்டு மூடியிருந்தாள். இலையோரத்தில் ஆவி கசிந்துகொண்டிருந்தது.

அருவிக்கரை மருந்துச்சாலையில் குழலம்மையிடம் பாடம் கேட்டவர்களில் வடிவுதான் கெட்டிக்காரி. இப்போது அவளே மாசமாக இருந்தாள்.

முற்றத்தில் வேர்களைக் காயவைத்துக்கொண்டிருந்த குழலம்மை தலை நிமிரவில்லை.

“என்ன பேரெல்லாம் தெரியும்?”

இதைக் கேட்கிற நேரமா இது? ஆனாலும் கேட்டதும் சொல்லிப் பழகிய வாய்.

“பூவுக்குள்ள இருந்தா சூல். மீனுக்குள்ள இருந்தா சினை. பேன் இட்டா ஈரு. கோழி இட்டா முட்டை. பொம்பளைக்குள்ள விளைஞ்சா கருமுட்டை. அது தங்கிட்டா கரு.”



“எப்படித் தெரிஞ்சுகிட்டே?”

“அறுத்துப் பார்த்துதான். நீங்கதானே கத்தியைக் கையில கொடுத்தீங்க?”

அது அந்தச் சாலையின் வழக்கம். எதையும் திறந்து, கண்ணால் கண்டு, பிறகுதான் பெயர் சொல்லவேண்டும். வடிவு கீறாத மொட்டு அந்த மலையில் கிடையாது என்று கூடப் படித்தவர்கள் கேலி பேசுவார்கள்.

“சட்டியில என்ன?”

“வயித்துல இருக்கறதை வெளியே தள்ளுற கஷாயம்.”

குழலம்மையின் கை நின்றது.

“அஞ்சாம் மாசம் பிறந்தாச்சு. ஒரு துடிப்பு இல்லை, அசைவு இல்லை. போன தடவையும் இப்படித்தான். நல்லதே நடக்கும்னு காத்துக்கிடந்தேன். செத்த பிள்ளையைச் சுமந்து நானும் பாதி செத்தேன். இந்தத் தடவை நான் முந்திக்கணும். குடிக்கட்டுமா?”

“உசுரோட இருந்தா?”

வடிவு சட்டியின் மேல் இலையை இழுத்துச் சரிசெய்தாள்.

குழலம்மை எழுந்து வந்து நெற்றியைத் தொட்டாள். காய்ச்சல் இல்லை. உதிரம் பட்டதா என்றாள். இல்லை. பிறகு மணிக்கட்டைப் பிடித்து நாடி பார்த்தபடி, கண்ணை மூடிக்கொண்டு வெகுநேரம் நின்றாள்.

வடிவு அந்த முகத்தையே பார்த்தாள்.

“என் கைக்கும் எட்டலை ஏட்டி.”

இந்த அம்மாவுக்கே தெரியவில்லை என்றால் இனி யாரிடம் போய்க் கேட்பது?

குழலம்மை மூலையில் இருந்த அடைக்கோழியின் கூடைக்குப் போனாள். கையை உள்ளே விட்டாள். கோழி கத்திக்கொண்டே கொத்தியது. கொத்து வாங்கிக்கொண்டு ஒரு முட்டையை எடுத்து வந்து வடிவின் உள்ளங்கையில் வைத்தாள். பக்கத்தில் கத்தியையும் வைத்தாள்.

“இது உசுரோட இருக்கா, சொல்லு.”

வடிவு சட்டியைக் கீழே வைத்தாள். முட்டையை வெயிலுக்கு நேரே தூக்கிப் பிடித்தாள்.

“கருப்பா இருக்கு. குஞ்சு நிறைஞ்சாலும் கருப்புதான். கெட்டுப்போனாலும் கருப்புதான்.”

காதில் வைத்துக் கேட்டாள். சத்தமே இல்லை.

“உடைச்சாத்தான் தெரியும்.”

“உடை.”

கத்தியின் பின்புறத்தை ஓங்கினாள்.

முட்டை வெதுவெதுப்பாக இருந்தது. அந்தச் சூடு கோழி கொடுத்ததா, முட்டைக்குள்ளேயே இருப்பதா? அவளால் பிரித்துச் சொல்ல முடியவில்லை. ஓங்கிய கை இறங்கவில்லை.

கோழி கூடையை விட்டுத் தாவி வந்து அவள் காலைச் சுற்றிச் சுற்றிக் கத்தியது.

“பயமா இருக்கு அம்மா. எனக்குத் தெரியலையே!”

குழலம்மை கோழியைக் காட்டினாள்.

“அதுக்கு மட்டும் தெரியுமா?”

வடிவு குனிந்து முட்டையைக் கூடையில் வைத்தாள். கோழி தாவி ஏறியது. அலகால் அதைத் தன் அடிக்குத் தள்ளிக்கொண்டு, இறகை விரித்து அமர்ந்தது.

வடிவு சட்டியை எடுத்துக்கொண்டு போய் வேலியோரம் கவிழ்த்தாள். பயம் எள்ளளவும் குறையவில்லை.

திரும்பி வந்து, இரண்டு கையாலும் வயிற்றைப் பொத்திக்கொண்டு உட்கார்ந்தாள்.