பனிச்சிறுத்தை குரலை விழுங்கிய விடியல்

அந்தக் காலத்தில், மனிதரும் மிருகமும் ஒரே பாஷையில் சண்டை போட்டு ஒரே பாஷையில் சமாதானமாகிக்கொண்டிருந்தபோது, வடக்கே பனிமலையில் வாழ்ந்த சிறுத்தைக்குப் பெரிய குரல் இருந்தது. குரல் மட்டும்தான் பெரிது. பாதமெல்லாம் வீட்டுப் பூனைக்கு இருப்பதுபோலச் சின்னது. வாலோ பேருக்கு ஒன்று. பனியில் இறங்கினால் வயிறு வரை புதைந்துவிடும். ஆனாலும் பாறைமேல் ஏறி நின்று ஒரு கர்ஜனை விட்டால் மூன்று பள்ளத்தாக்குக்குக் கேட்கும். அதில் அதற்கு ரொம்பப் பெருமை. யாருக்குத்தான் இருக்காது?

அந்த மலைக்கு மேற்கே இருந்த ஊரில் பிறந்தவள் யாங்டோல். கிழக்கே கீழே, ஆற்றங்கரையில் சர்க்கரைப் பாதாமிப் பழத் தோட்டம் வைத்திருந்த ரிக்சினுக்கு வாழ்க்கைப்பட்டு வந்திருந்தாள். கல்யாணமான முதல் குளிர்காலம். வருஷப் பிறப்புக்கு மாப்பிள்ளையும் பெண்ணுமாகத் தாய்வீட்டுக்குப் போக வேண்டும். நடுவில் கணவாய். நடக்கத் தெரிந்தவர்கள் ஒரு பகலில் தாண்டிவிடுவார்கள்.

ரிக்சினுக்கு நடக்கத் தெரியாது. அதாவது, பனியில். யாங்டோல்தான் மரக்கொம்பை வளைத்து, குறுக்கே தோல்வார் பின்னி, இரண்டு ஜோடி பனிமிதியடி செய்தாள். பார்த்தால் காலில் முறத்தைக் கட்டிக்கொண்டதுபோல இருக்கும். ஆனால் எவ்வளவு பொலபொலவென்ற பனியிலும் புதையாமல் மேலாகவே போகலாம். ஒன்றே ஒன்றுதான், காலை அகட்டி வைக்க வேண்டும். ரிக்சின் தன் இடது மிதியடியை வலது மிதியடியாலேயே மிதித்துக்கொண்டு குப்புற விழுந்தான். எழுந்தான். மறுபடி விழுந்தான்.

“காலை அகட்டி வைங்க. கல்யாணப் பந்தல்ல நடந்த மாதிரி ஒட்டி ஒட்டி நடந்தா எப்படி?”

“நீ சிரிக்காம சொன்னா நான் விழாம நடப்பேன்.”

கிளம்பிய அன்று சாயங்காலத்துக்குள் அவன் குதிகால் இரண்டும் கொப்பளித்து உடைந்து, காலணிக்குள் ரத்தம் கசிந்தது. ஒரு வார்த்தை முணுமுணுக்கவில்லை. அவன் திட்டியிருந்தாலாவது அவள் மனசைக் கல்லாக்கிக்கொண்டிருப்பாள்.

“இன்னும் கொஞ்சம்தான். அந்த மேட்டு முதுகுல தங்கிடலாம். காத்து அடிக்கும், ஆனா தலைக்கு மேல ஒண்ணும் இருக்காது” என்றாள்.

“இங்கேயே காத்தில்லாம சுகமா இருக்கே யாங்டோல். இதுக்கு மேல என்னால முடியல.”

அங்கே காற்றில்லாமல் இருந்ததற்குக் காரணம், பக்கத்தில் நின்ற பெரிய சரிவு. புதுப்பனியைச் சுமந்துகொண்டு, ஒரு பெரிய சத்தத்துக்கே சரிந்துவிடும்போல நின்றது. அப்படிப்பட்ட சரிவின் அடியில் படுக்கக் கூடாது என்பது அவள் ஊரில் பால்குடிக்கும் பிள்ளைக்கும் தெரியும். அவளுக்கும் தெரியும். ஆனால் அவன் காலைப் பார்த்தாள். ஒரு ராத்திரிதானே என்று நினைத்தாள். ஆசையாகக் கட்டிக்கொண்டவனிடம் ‘எழுந்து நட’ என்று சொல்ல அவளுக்கு வாய் வரவில்லை.

பனிமேட்டைக் குடைந்து இரண்டு பேர் படுக்க ஒரு குழி செய்தாள். மிதியடிகளை வாசலில் நட்டு வைத்தாள். வறுத்த பார்லி மாவைத் தின்று, வெண்ணெய் போட்ட தேநீர் குடித்தார்கள். மிச்ச வெண்ணெயை அவன் குதிகாலில் தடவிவிட்டாள்.

“உங்க அம்மா என்னைப் பார்த்து என்ன சொல்வாங்க?”

“மாப்பிள்ளை வருவார்னு பார்த்தா நடக்கத் தெரியாத கன்னுக்குட்டி வந்திருக்கேன்னு சொல்வாங்க.”

அவன் சிரித்துக்கொண்டிருக்கும்போதே வாசலில் ஏதோ சரசரத்தது. ஒரு சிறுத்தைக் குட்டி எட்டிப் பார்த்தது. மீசையெல்லாம் பனி.

“நீ எப்படிப்பா இங்க வந்தே?” என்றாள் யாங்டோல்.

“வழி கெட்டியா இருந்துச்சு, நடந்தேன். நடக்க நடக்க வழி வந்துக்கிட்டே இருந்துச்சு” என்றது குட்டி. இவர்கள் மிதித்து இறுக்கிவிட்டு வந்த தடத்தைத்தான் சொல்கிறது.

“அம்மா?”

“தூர வேட்டைக்குப் போயிருக்கா. எங்கேயும் போகாதேன்னு சொல்லிட்டுத்தான் போனா.” இதைச் சொல்லும்போது அதன் உதடு பிதுங்கியது. பல்லும் தந்தியடித்தது.

ரிக்சின் தன் ஆட்டுத்தோல் அங்கியை அகலத் திறந்து அதை உள்ளே இழுத்துக்கொண்டான். காலையில் கொண்டுபோய் விடலாம் என்று பேசிக்கொண்டார்கள். மூன்று பேரும் தூங்கிப்போனார்கள்.

விடிகிற நேரத்தில் எங்கோ தூரத்தில் கர்ஜனை கேட்டது. தாய் திரும்பி வந்திருக்கிறது. குகையில் பிள்ளை இல்லை. யாங்டோல் கண்விழித்தபோது குழியின் கூரையிலிருந்து பனித்தூள் அவள் முகத்தில் கொட்டியது. வெளியே தவழ்ந்து வந்து நிமிர்ந்து பார்த்தாள். சரிவின் உச்சியில், இந்த ஓரத்திலிருந்து அந்த ஓரம்வரை, நூல் பிடித்ததுபோல ஒரு விரிசல். அவளால் ஓட முடியும். ரிக்சினால் நிற்கக்கூட முடியாது. சிறுத்தை பக்கத்தில் வந்து இன்னொரு முறை குரல் கொடுத்தால் மலை அவன்மேல்தான் இறங்கும்.

மிதியடியைக் கட்டிக்கொண்டு வந்த தடத்திலேயே எதிரே போனாள். தாய்ச் சிறுத்தை வந்துகொண்டிருந்தது. அதன் சின்னப் பாதத்துக்கு அந்தத் தடமும் தாங்கவில்லை; ஒவ்வோர் அடிக்கும் நெஞ்சுவரை புதைந்து, புரண்டு, எழுந்து வந்தது. அவளைக் கண்டதும் வாயைத் திறந்தது.

யாங்டோல் ஒரு கையால் தன் வாயைப் பொத்தி, மறு கையால் மேலே காட்டினாள்.

“அக்கா, உங்க காலில் விழறேன், சத்தம் போடாதீங்க. மேல பாருங்க.”

சிறுத்தை பார்த்தது. விரிசலிலிருந்து ஒரு பிடி பனி உதிர்ந்து உருண்டு வந்தது. பனிமலையில் பிறந்ததற்கு அதற்குமேல் சொல்ல வேண்டியதில்லை.

“என் பிள்ளை வாசனை உன்மேல அடிக்குது. என்ன பண்ணினே அவனை?” என்று பல்லுக்கிடையில் கேட்டது.

“ஒண்ணும் பண்ணல. குளிர்ல நடுங்கிக்கிட்டு வந்தான். என் வீட்டுக்காரர் அங்கிக்குள்ள தூங்கறான். நான் போய்த் தூக்கிட்டு வரேன்.”

“உன்னை நம்பி நான் இங்க நிக்கணுமா? நான் ஒரு குரல் கொடுத்தா அவன் ஓடி வந்துடுவான்.”

அந்தச் சமயத்தில்தான் குழிவாசலில் குட்டி தலைநீட்டி, “அம்மா!” என்று அழுதது.

பெற்றவளுக்கு அது போதாதா? சிறுத்தையின் வயிற்றிலிருந்து கர்ஜனை கிளம்பிவிட்டது. கழுத்து புடைத்தது. தாடை விரிந்தது. யாங்டோல் அப்படியே பனியில் உட்கார்ந்து கண்ணை மூடிக்கொண்டாள். ரிக்சின், என்னை மன்னிச்சிடுங்க என்று மனசுக்குள் சொன்னாள்.

சத்தம் வரவில்லை.

கண்ணைத் திறந்தாள். சிறுத்தை வாயை இறுக மூடி, கிளம்பிய கர்ஜனையை முழுதாக விழுங்கிக்கொண்டிருந்தது. பெரிய எலும்பு ஒன்றை விழுங்குவதுபோலத் தொண்டை ஏறி இறங்கியது. கண்ணில் தண்ணீர் வழிந்தது. கடைசியில் மூக்கு வழியாக ‘ப்ஃபூ’ என்று ஒரு மூச்சு மட்டும் வந்தது.

அது குட்டிக்குக் கேட்டுவிட்டது. வாலைத் தூக்கிக்கொண்டு ஓடி வந்து அம்மாவின் மோவாய்க்கு அடியில் தலையை நுழைத்துக்கொண்டது. சரிவு அசையவில்லை.

பிறகு எல்லாம் கிசுகிசுப்பாக நடந்தது. ரிக்சின் தவழ்ந்து வந்து, தன் அங்கியின் ஓரத்தைக் கிழித்துச் சிறுத்தையின் நாலு பாதத்துக்கும் ரோமம் கீழே இருக்கும்படி அகலமாகச் சுற்றிவிட்டான். இடுப்பில் கட்டியிருந்த நீளக் கம்பளிக் கச்சையை அவிழ்த்து அதன் வாலில் சுற்றி முடிந்தான். “பிள்ளை இதைக் கடிச்சுக்கிட்டுப் பின்னாலேயே வரட்டும். குளிரடிச்சா இதாலயே மூக்கை மூடிக்கோங்க” என்றான். சிறுத்தை ஓர் அடி வைத்துப் பார்த்தது. புதையவில்லை. முன்னால் நடந்து அது பனியை இறுக்கிக்கொடுத்த தடத்தில், யாங்டோலின் தோளைப் பிடித்துக்கொண்டு ரிக்சின் நொண்டி நொண்டி மேட்டு முதுகுக்கு வந்து சேர்ந்தான்.

வெயில் பட்டதும் சரிவு தானாகவே இறங்கியது. அவர்கள் படுத்திருந்த குழி இருந்த இடமே தெரியவில்லை.

“இப்போ கத்தலாம் அக்கா” என்றாள் யாங்டோல்.

சிறுத்தை பாறைமேல் ஏறி நின்று வாயைத் திறந்தது. மூச்சுதான் வந்தது. திரும்பத் திரும்பப் பார்த்தது, மூச்சுதான். யாங்டோலுக்கு அழுகை பொத்துக்கொண்டு வந்தது. “என்னாலதான். அங்க நான் தங்கியிருக்கவே கூடாது.”

சிறுத்தை குனிந்து குட்டியின் காதில் ‘ப்ஃபூ’ என்றது. குட்டி கூச்சத்தில் நெளிந்து, மூக்கோடு மூக்கு உரசியது.

“இவனுக்குக் கேட்குது. மூணு பள்ளத்தாக்குக்கும் கேட்டு எனக்கு என்ன ஆகப்போகுது?” என்று சொல்லிவிட்டு இறங்கிப் போனது.

சுற்றிய ரோமம் பாதத்தோடும் கச்சை வாலோடும் ஒட்டி வளர்ந்துவிட்டன. பனிச்சிறுத்தை படுத்தால் வாலை எடுத்து மூக்கின்மேல் போர்த்திக்கொள்வதும், பனியில் யாராவது மிதித்த தடம் கண்டால் அதிலேயே கால்வைத்து நடப்பதும் அன்று தொடங்கியவைதான். அந்த விடியலிலிருந்துதான் அதற்குக் கர்ஜனை இல்லாமல் போனது. பெரிய பெரிய மலைகளுக்கு நடுவே நின்று அது மூக்கால் மெல்ல ஊதுகிறது; பக்கத்தில் இருக்கும் பிள்ளைக்கு மட்டும் அது கேட்கிறது.