இறங்கினதுக்கு ஒரு மெடல்

ஒரு ஊர்ல ஒரு ஆபீசர் இருந்தாரு. பேரு ஞானதுரை. ராணுவத்துல ஹெலிகாப்டர் ஓட்டுறவரு. சட்டையில மூணு மெடல் தொங்கும். எப்படி வந்துதுன்னுதானே முழிக்கே? சொல்லுதேன். நீ "ம்" கொட்டணும்.

"ம்."

அப்போ பனிமலையில சண்டை. மேலே நிக்கிற நம்ம சிப்பாய்களுக்குச் சோறு இல்ல. ஞானதுரை மாவு மூட்டையை ஏத்திக்கிட்டு தடதடதடன்னு கிளம்பினாரு. காத்து ஊஊன்னு தள்ளுது. ஹெலிகாப்டர் பட்டம் மாதிரி ஆடுது. ஆனாலும் மூட்டையைப் போட்டுட்டுத்தான் வந்தாரு. அதுக்கு ஒரு மெடல்.

அப்புறம் இன்னொரு நாள், காயம்பட்ட சிப்பாயைத் தூக்கிட்டு வாராரு. கீழேயிருந்து எதிரி சுடுதான். டப், டப், டப்! வாலுல ஓட்டை. எண்ணெய் ஒழுகுது. "ஏசப்பா, இந்தப் பிள்ளையை இறக்குற வரைக்கும் எஞ்சினைப் பிடிச்சுக்கோ"ன்னு சொல்லிக்கிட்டே வந்து சேந்துட்டாரு. அதுக்கு ரெண்டாவது மெடல்.

"மூணாவது?"

பொறுட்டி. அவரு கூட ஓட்டுற ஆளு ஹர்பிந்தர், பஞ்சாப்காரரு, ஒல்லியா இருப்பாரு. ஒரு நாள் மலை உச்சியில ரெண்டு சிப்பாய்க்கு பலத்த அடி. இவங்க போய் இறங்கினாங்க. அங்கே காத்து சன்னமா இருக்கும், ஹெலிகாப்டருக்குப் பலம் பத்தாது. சீட்டைக் கழட்டி எறிஞ்சாங்க. கதவைக் கழட்டி எறிஞ்சாங்க. ரெண்டு பேரையும் ஏத்திக் கிளப்பினா, தட... தட... ஒரு முழம் எழும்பி, தொப்புன்னு உக்காந்துட்டு.

"சார், நான் இறங்குதேன். நீங்கதான் நல்லா ஓட்டுவீங்க"ன்னாரு ஹர்பிந்தர்.

"நீ இறங்கி என்னத்துக்குய்யா? தொப்பை இருக்கிறவன்தான் இறங்கணும்"னு ஞானதுரை குதிச்சுட்டாரு.

ஹெலிகாப்டர் எழும்பிட்டு. அவரு மட்டும் ஒத்தையா அந்தப் பனியில.

"திரும்பி வந்தாங்களா?"

வந்தாரு, ஹர்பிந்தர். ஆனா மேகம் மூடிட்டு. மேலேயும் வெள்ளை, கீழேயும் வெள்ளை. தரை எங்கே இருக்குன்னே தெரியலை. திரும்பிட்டாரு. ரெண்டாந்தரம் வந்தாரு, அப்பவும் திரும்பிட்டாரு. அப்போ ஞானதுரை என்ன செஞ்சாரு தெரியுமா? ஓட்டுறவன் கண்ணுக்குக் கறுப்பா ஏதாவது தெரியணும்லா? கரும்பச்சை உடுப்போட பனியில மல்லாக்கப் படுத்துட்டாரு. கையையும் காலையும் விரிச்சு.

"குளிராதா?"

குளிராம? பல்லு டகடகன்னு அடிக்கும். "ஆண்டவரே, என்னை அவன் கண்ணுக்குக் காட்டும்"னு சொன்னாரே தவிர எந்திரிக்கலை. அப்புறம் மூணாந்தரம் தடதடதடன்னு சத்தம். ஹர்பிந்தர் அவரைப் பாத்துட்டாரு. பக்கத்துலேயே இறக்கி, அள்ளிப் போட்டுக்கிட்டுப் பறந்துட்டாரு.

அப்புறம் மெடல் குத்துற நாள். பெரிய மண்டபம், எல்லாரும் உக்காந்திருக்காங்க. ஒருத்தர் கணீர்னு வாசிச்சாரு: "இவர் ஹெலிகாப்டரை விட்டு இறங்கினார்." ஜனங்க குசுகுசுன்னு பேசுதாங்க. "என்னது, இறங்கினதுக்கா மெடல்?" அப்போ பின்னாலேயிருந்து பட்டு பட்டுன்னு கைதட்டுற சத்தம். எல்லாரும் திரும்பிப் பாத்தாங்க. மலை உச்சியில அடிபட்டுக் கிடந்த அந்த ரெண்டு சிப்பாய். ஒருத்தர் கக்கத்துல ஊன்றுகட்டை. இன்னொருத்தர் கையில கைக்குழந்தை, அந்தப் பிள்ளை கையைப் பிடிச்சு அவரு தட்டுதாரு.

ம்?... ம் சொல்லுட்டி.

சரி, உறங்கிட்டா. கதையும் தரை தொட்டுட்டு. ஏசப்பா காக்கட்டும்.