ஒரு பணத்துக்கு ஒரு கலம்

முன்னொரு காலத்தில், ராஜாக்கள் ஒருவரை ஒருவர் நம்பாத காரணத்தால் ஒருவருக்கொருவர் வாக்குக் கொடுத்துக்கொண்ட காலத்தில், ஏழு ராஜ்யங்கள் கூடி ஓர் ஒப்பந்தம் செய்துகொண்டன. எந்த அரசனும் தன் குடியானவர்களுக்கு அளவு மீறிச் சலுகை கொடுத்து அடுத்த ராஜ்யத்து நெல்லை விலைபோகாமல் அடிக்கக் கூடாது. அயல்நாட்டுத் தானியத்தைத் துறைமுகத்தில் மறிக்கக் கூடாது. எல்லோரும் சொன்ன சொல்லைக் காப்பாற்றுகிறார்களா என்று பார்ப்பதற்கு ஒரு சபையும் ஏற்பட்டது.

அந்தச் சபையின் வழக்கம் விசித்திரமானது. ஒவ்வொரு ராஜ்யமும் தான் கொடுத்த சலுகையைத் தானே சொல்ல வேண்டும். மற்றவர்கள் கேள்வி கேட்கலாம். மற்ற ஆறு ராஜ்யங்களையும் ஒன்றாகச் சேர்த்தாலும் ஈடாகாத வடகரை ராஜ்யம் தன் குடியானவர்களுக்குப் பொன்னை அள்ளிக் கொடுத்துவிட்டு, “அது நெல்லுக்காகக் கொடுத்ததல்ல, அவர்கள் மனநிம்மதிக்காகக் கொடுத்தது” என்று சொல்லும். “விளக்கத்துக்கு நன்றி” என்று சபை அடுத்த விஷயத்துக்குப் போய்விடும். சின்ன ராஜ்யம் பதில் சொன்னால் மட்டும் “மேலும் விளக்கவும்” என்பார்கள். மேலும் விளக்கினால், கணக்கைச் சரிபார்க்க ஒப்பந்த நோட்டக்காரர் ஒருவர் பல்லக்கில் ஏறிப் புறப்பட்டு வந்துவிடுவார்.

நம் கதை நடந்தது அப்படி ஒரு சின்ன ராஜ்யத்தில். அதன் மன்னன் உத்தமசேனன் ஒவ்வொரு அறுவடையிலும் கலம் நான்கு பணம் என்று குடிகளின் நெல்லை வாங்கிக் களஞ்சியத்தில் சேர்ப்பான். பஞ்ச மாதங்களில் அதை ஏழைகளுக்கு அளந்து போடுவான். அரண்மனை வாங்காவிட்டால் வியாபாரிகள் இரண்டு பணத்துக்கு மேல் தரமாட்டார்கள். மன்னன் செய்த நல்ல காரியங்களில் இது ஒன்று. மற்றவை எவை என்று கேட்டால் யோசித்துத்தான் சொல்ல வேண்டும்.

அந்த வருஷம் மன்னனுக்கு ஓர் ஆசை பிறந்தது. சபையில் தலைவருக்கென்று ஒரு வெள்ளி ஆசனம் உண்டு. அதில் ஒரு வருஷமாவது உட்கார்ந்து பார்க்க வேண்டும். அதற்கு, ராஜ்யத்தின் மேல் எந்தக் கேள்வியும் நிலுவையில் இருக்கக் கூடாது. ஆகவே நோட்டக்காரர் வித்யாபதி வந்து இறங்கிய அன்று காலையே, குடிகளின் நெல்லை அரண்மனை அளந்து வாங்கும் நெற்களத்தின் கதவைப் பூட்டச் சொல்லிவிட்டான்.

அரண்மனை விகடன் திருமேனி அந்தக் களத்தைத் தாண்டித்தான் தர்பாருக்குப் போக வேண்டும். ஒரு வார்த்தை பேசுவதற்கு முன் அதை மூன்று விதமாகச் சொல்லிப் பார்க்கிற சுபாவம் அவனுக்கு. மூன்றும் நன்றாக இல்லை என்று தோன்றும். கடைசியில் நான்காவதாக ஏதோ ஒன்று வாயில் வந்து விழும், மன்னன் சிரிப்பான். அது எப்படி நடக்கிறதென்று அவனுக்கே தெரியாது. நாளைக்கும் நடக்குமா என்ற பயம் மட்டும் தினமும் இருந்தது.

பூட்டிய கதவுக்கு வெளியே, சாலையின் இரண்டு பக்கமும் நெல் குவியல் குவியலாகக் கொட்டிக் கிடந்தது. மேற்கே வானம் கறுத்திருந்தது. அங்காயி என்ற குடியானவப் பெண் தன் குவியலின் மேல் வைக்கோலைப் பரப்பிக்கொண்டிருந்தாள். புருஷன் போன பிறகு ஒற்றை ஆளாக உழுது விளைவித்த நெல் அது. திருமேனியைக் கண்டதும் இடுப்பில் கையை வைத்துக்கொண்டு நிமிர்ந்தாள்.

“என்ன தம்பி, அரமனையில எல்லாரையும் சிரிக்க வெக்கிறியாமே? இந்தப் பூட்டையும் கொஞ்சம் சிரிக்க வெய்யேன். வாயத் தொறக்கட்டும்.”

“வியாபாரி யாரும் வரலையாக்கா?”

“வந்தான், வந்தான். காலையில ரெண்டு பணம்னான். மேகத்தப் பாத்துட்டு ஒண்ணரைங்கறான். மழை விழுந்தா அவன் எதுக்கு வரப்போறான்? ஈர நெல்லு ரெண்டே நாள்ல முளை விட்டுரும். அப்புறம் கோழிக்குத்தான் போடணும்.”

திருமேனி மேகத்தைப் பார்த்துக்கொண்டே தர்பாருக்கு நடந்தான்.

தர்பாரில் நோட்டக்காரர் உயர்ந்த ஆசனத்தில் இருந்தார். வடகரைக்காரர். அவர் வருவதற்கு முன்பே வடகரையின் பத்துக் கப்பல்கள் நெல்லோடு துறைமுகத்தில் நங்கூரம் பாய்ச்சியிருந்தன. அந்த நெல்லை விற்கிற அதிகாரமும் அவரிடமே இருந்தது. அதை யாரும் குற்றம் என்று சொல்லவில்லை.

“மன்னர் கலத்துக்கு நான்கு பணம் கொடுக்கிறார்,” என்றார் வித்யாபதி. “ஒப்பந்தம் கையெழுத்தான நாளில் நெல்லின் விலை ஒரு பணம். ஆக, கலத்துக்கு மூன்று பணம் சலுகை. இது வரம்பு மீறியது.”

“ஐயா, அது முப்பது வருஷத்துக்கு முந்திய விலை ஆயிற்றே,” என்றான் திருமேனி.

“ஒப்பந்தம் என்றால் ஒப்பந்தம். வருஷத்துக்கு வருஷம் விலையை மாற்றினால் எதை வைத்து அளப்பது?”

“அப்படியானால் இன்றைக்கும் நெல்லின் விலை ஒரு பணம்தானா?”

“ஒரு பணம்தான். சபை அறிந்த வேறு விலை கிடையாது.”

திருமேனி அதை மனத்துக்குள் முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்தான். அதில் ஏதோ இருப்பதுபோலத் தோன்றியது. ஒன்றும் இல்லாததுபோலவும் தோன்றியது.

பிரதானி சம்புநாதர் எழுந்தார். தான் நாள் முழுக்க வாதாடிப் பெறுவதை விகடன் ஒரு வார்த்தையில் பெற்றுவிடுகிறானே என்ற எரிச்சல் அவருக்குப் பல வருஷமாக உண்டு.

“மகாராஜா, களத்தைப் பூட்டியாயிற்று. ஆனால் களஞ்சியம் நிறைய வேண்டுமே? வடகரைக் கப்பல்களில் இருக்கிற பத்தாயிரம் கலம் நெல், கலம் மூன்றரைப் பணத்துக்குக் கிடைக்கிறது. வாங்கிவிடலாம். குடியானவர்கள் அழுதால் சமாதானம் சொல்லத்தான் நம் விகடர் இருக்கிறாரே.”

மன்னனுக்கு யோசனை பிடித்துவிட்டது. “திருமேனி! கொள்முதல் உன் பொறுப்பு. நாளை தர்பார் கலைவதற்குள் களஞ்சியத்துக்கு நெல் வர வேண்டும். ஒப்பந்தத்திலிருந்து மயிரிழை பிசகக் கூடாது. குடியானவன் ஒருவன்கூட அழுதுகொண்டு என் வாசலுக்கு வரக் கூடாது.”

“மூன்றும் சேர்ந்தா, மகாராஜா?”

“மூன்றும் சேர்ந்துதான்.”

“முடியாவிட்டால் சொல்லிவிடட்டும்,” என்றார் பிரதானி. “சிரிக்க வைக்க முடியாத விகடனும் பால் கறக்காத மாடும் அரண்மனைக்கு எதற்கு?”

தர்பாரில் சிலர் சிரித்தார்கள். மன்னன் சிரிக்கவில்லை. மழைக்கு இன்னும் எத்தனை நேரம் இருக்கும் என்று திருமேனி சாளரத்தைப் பார்த்தான்.

மறுநாள் தர்பாரில் திருமேனி ஒரு பண மூட்டையைத் தூக்கமுடியாமல் தூக்கிவந்து நோட்டக்காரரின் காலடியில் வைத்தான். வித்யாபதி மூட்டையைக் கண்ணாலேயே எடை போட்டார்.

“பத்தாயிரம் கலத்துக்கு இது போதாதே. மூன்றில் ஒரு பங்குகூட இல்லையே?”

“சரியாகப் பத்தாயிரம் பணம் இருக்கிறது, ஐயா. கலம் ஒரு பணம்.”

“மூன்றரை என்றல்லவா பேச்சு?”

“அது பிரதானி பேசிய பேச்சு. மகாராஜா என்னிடம் ‘ஒப்பந்தத்திலிருந்து மயிரிழை பிசகாதே’ என்றார். நெல்லின் விலை ஒரு பணம், வேறு விலை கிடையாது என்று தாங்களே இந்த இடத்தில் இருந்து சொன்னீர்கள். மேற்கொண்டு இரண்டரைப் பணம் கொடுத்தால் அது சலுகை ஆகிவிடாதா? அந்தப் பாவத்தை நான் செய்யலாமா?”

வித்யாபதியின் முகம் மாறியது. “அது சலுகையைக் கணக்கிடுவதற்கான விலை. வாங்கி விற்கிற விலை அல்ல.”

“அப்படியா! எங்கள் குடியானவர்கள் இத்தனை வருஷமாக அரண்மனைக்கு நெல்லையல்லவா விற்றார்கள்? கணக்கை விற்றதாகத் தெரியவில்லையே.”

“விளையாடாதே. எங்கள் உழவர்கள் உழுதிருக்கிறார்கள். ஆள் கூலி ஏறியிருக்கிறது. மாட்டு விலை ஏறியிருக்கிறது. கப்பல் கூலி வேறு.”

“அடடா! வடகரையில் மாட்டு விலைகூட ஏறுகிறதா? இங்கே முப்பது வருஷமாக ஏறவில்லை. கேட்டால் சபை சொல்லும்.”

“முப்பது வருஷத்துக்கு முந்திய விலையில் எந்தப் பைத்தியக்காரன் ஐயா நெல் விற்பான்?” என்று நோட்டக்காரர் கத்திவிட்டார்.

தூரத்தில் ஓர் இடி உருண்டது.

திருமேனி தாழ்ந்து வணங்கினான். “மகாராஜா, நேற்று எனக்கு விளங்காத விஷயத்தை ஐயா இன்று விளக்கிவிட்டார். விளக்கத்துக்கு நன்றி.”

மன்னன் முதலில் மீசைக்குள் சிரித்தான். பிறகு அடக்கமுடியாமல் வாய்விட்டுச் சிரித்தான். வித்யாபதி உத்தரீயத்தைச் சரிசெய்துகொண்டார். விலையை மாற்றும் அதிகாரம் தனக்கு இல்லை என்றார். ஆனால் நிலையான தீர்வு ஒன்று கிடைக்கும்வரை இந்தக் கேள்வியைச் சபை எழுப்பாமல் இருக்கலாம் என்றார். நிலையான தீர்வு எப்போது கிடைக்கும் என்று மன்னன் கேட்டான். அதைப் பற்றிப் பேசுவதற்கு ஒரு குழு உண்டு என்றார். அந்தக் குழுவில் இருந்தவர்கள் எல்லோரும் இறந்துவிட்டதாகவும் சொன்னார்.

கதை இங்கே முடிந்திருக்க வேண்டும். பிரதானி மறுபடி எழுந்தார்.

“மகாராஜா, விகடர் நமக்கு நல்ல வழி காட்டினார். ஒரு பணம் என்பது ஏழு ராஜ்யமும் ஒத்துக்கொண்ட விலை என்று ஆகிவிட்டது. அப்படியிருக்க, நம் குடிகளிடமே ஒரு பணத்துக்கு ஏன் வாங்கக் கூடாது? களஞ்சியமும் நிறையும். ஒப்பந்தமும் நிற்கும். எந்தக் கேள்வியும் வராது. வெள்ளி ஆசனம் நிச்சயம்.”

மன்னனின் கண்ணில் ஒரு வெளிச்சம் வந்தது. நெல் அளக்கும்போது வியாபாரியின் கண்ணில் வருகிற அதே வெளிச்சம். கத்தியைச் செய்துகொடுத்தது தான்தானே என்று திருமேனி நினைத்தான். அங்காயி ஒன்றரைப் பணத்துக்காவது விற்றிருப்பாளே. தான் வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கலாமே.

“திருமேனி,” என்றான் மன்னன், சிரித்த கண்ணைத் துடைத்துக்கொண்டே. “பிரதானி சொல்வதும் நியாயமாகத்தான் படுகிறது. முதலில் உன் பரிசைக் கேள்.”

திருமேனி ஒரு விதமாகவும் சொல்லிப் பார்க்கவில்லை. நேரம் இல்லை.

“எனக்கு ஒன்றும் வேண்டாம், மகாராஜா. பிரதானியின் யோசனை அரைகுறையாக நிற்கிறது. அதை முழுதாக்கினால் போதும். நெல் விலை முப்பது வருஷத்துக்கு முந்தியது என்றால், அந்த நெல்லுக்கு வாங்குகிற வரியும் அப்போதையதுதானே? அன்றைக்குக் கலத்துக்குக் கால் பணம் வரி. இன்றைக்கு ஒரு பணம். தாங்கள் கால் பணம் வாங்கிக்கொள்ளுங்கள். பிரதானியாரும் முப்பது வருஷத்துக்கு முன் வாங்கிய சம்பளத்தையே வாங்கிக்கொள்வார். அப்போது அவர் குதிரை லாயத்தில் புல்லுக்கட்டு எண்ணிக்கொண்டிருந்தார் என்று கேள்வி.”

ஒரு கணம் மன்னனின் முகத்தில் சிரிப்பு நின்றுபோனது. பிரதானி நாற்காலியின் கையைப் பிடித்துக்கொண்டு மெல்ல உட்காருவதை மன்னன் பார்த்தான். அப்புறம்தான் சிரிப்பு வந்தது, முன்னதைவிடப் பெரிதாக. மன்னன் சிரித்ததால் தர்பார் சிரித்தது. தர்பார் சிரித்ததால் வித்யாபதியும் சிரித்தார். அந்தச் சத்தத்தில் கூரையின் மேல் மழை விழத் தொடங்கியதை யாரும் கவனிக்கவில்லை.

“களத்தைத் திறக்கச் சொல்! பழையபடி நான்கு பணம்!” என்று மன்னன் தன் கழுத்து முத்துமாலையைக் கழற்றித் திருமேனியின் கழுத்தில் போட்டான். பிறகு, “அந்தப் புல்லுக்கட்டு விஷயத்தை இன்னொரு தடவை சொல்,” என்றான். திருமேனி சொன்னான். இன்னொரு தடவையும் சொன்னான். விருந்துக்கு இருக்கச் சொன்னார்கள், இருந்தான். விருந்திலும் சொன்னான். களத்தைத் திறக்கும் உத்தரவு ஓலைக்கு முத்திரை வைக்க வேண்டியவர் பிரதானி. அவருக்கு அன்று மனசு சரியில்லை. மறுநாளும் சரியில்லை. அதற்கு அடுத்த நாள் வைத்தார்.

களம் திறந்த அன்று திருமேனி அங்கே போனான். மழை விட்டிருந்தது. சாலை ஓரமெல்லாம் பச்சையாக இருந்தது. தூரத்தில் பார்க்கும்போது அழகாக இருந்தது. கிட்டே போனபோதுதான் அது புல் அல்ல, குவியல்களில் முளைத்த நெல் என்று தெரிந்தது.

களத்து மணியக்காரன் அங்காயியின் குவியலுக்குள் கையை விட்டுப் பார்த்தான். நடுவில் கிடந்த கொஞ்ச நெல்லை மட்டும் பிரித்து அளந்தான். மிச்சத்தைக் காட்டி, “இது ஆகாது, ஈரம்,” என்று அடுத்த குவியலுக்குப் போய்விட்டான்.

அங்காயி முளைவிட்ட நெல்லை ஒரு பிடி அள்ளி உதறினாள். திருமேனியின் கழுத்து மாலையைப் பார்த்தாள்.

“முத்தா?”

“ஆமாக்கா. நீ வெச்சுக்க.” அவன் கழற்றப் போனான்.

“போ தம்பி. நான் முத்துமாலையோட எந்தக் கடைக்குப் போனாலும் ‘எங்க திருடுன’ம்பான்.” வைக்கோலைச் சுருட்டினாள். “ராசா சிரிச்சாராமே?”

“சிரிச்சாருக்கா.”

“நல்லாச் சிரிச்சாரா?”

“வயித்தப் புடிச்சுக்கிட்டுச் சிரிச்சாரு.”

“சரி,” என்றாள் அங்காயி, சுருட்டிய வைக்கோலைத் தலையில் தூக்கி வைத்துக்கொண்டே. “அடுத்த தடவ கொஞ்சம் வெரசாச் சிரிக்கச் சொல்லு.”