மேடில்லாத மேப்

மலையேற்றக் கம்பெனி முதலாளி வரதராஜுலு நடந்து பழகாத வர்க்கம். கணினியில் ஜி.பி.எஸ். பாதையைத் தானே வரைந்துவிட்டு, நாலு பேர் தோளில் தூக்கும் டோலியில் ஏறி உட்கார்ந்தார்.

"மேப்பைப் பாருங்கடா. கோடு நேராக் கிடக்குது, மேடே கிடையாது. தூக்க ரெண்டு பேர் போதும். மத்த ரெண்டு பேரும் வீட்டுக்குப் போங்க."

எதிரே நின்றது செங்குத்து மலை. இரண்டே பேர் தூக்கினால் முதுகு முறியும். சுமைக்காரன் சடையன் டோலிக் கம்பிலிருந்து கையை எடுத்தான்.

"ஐயா சொன்னா சரிதானுங்க. மேடே இல்லைன்னா டோலி எதுக்குங்க? இறங்கி நடங்க, நாங்க பின்னாடியே வர்றோம்."

கூட மலையேற வந்திருந்த விருந்தாளிகள் சிரித்துவிட்டார்கள். முதலாளி விறைப்பாக நடந்தார். முதல் வளைவிலேயே பாறையில் சாய்ந்து, "நாலு பேரும் வாங்கப்பா" என்றார்.

நாலு தோள்கள் சேர்ந்தன. பாரம் நாலாகப் பிரிந்த நிம்மதியில் சடையன் கேட்டான்: "இப்ப இது மேடுங்களா, சமதரைங்களா?"

"மேடுதான்யா, தூக்கு."