குருவம்மாள் வீட்டு முறை

ஆற்றங்கரைப் பாளையம் ஒன்றில் கழுமரம் இருந்த காலம் அது. கொலை செய்தவனை அந்தக் கூர்மரத்தில் உயிரோடு ஏற்றிவிடுவார்கள். அது கூடாது என்று தெருத்தெருவாகச் சொல்லித் திரிந்தார் பூவலிங்கம்.

தலை நரைத்த மனுஷர். ஆனால் அவருக்குக் குரு, அவரைவிட இளையவளான அறம்வளர்த்தாள். ஊருக்கு வெளியே மடத்தில் இருந்தாள். அவர் அவளை அம்மா என்பார், அவள் அவரை ஐயா என்பாள். இரண்டு பேருக்கும் அதில் கூச்சம் கிடையாது.

அந்த மாசம் மாசானம் என்பவனைக் கொட்டடியில் அடைத்திருந்தார்கள். வாய்க்கால் தண்ணீர்ச் சண்டையில் உலகனை மண்வெட்டியால் அடித்துக் கொன்றுவிட்டான். அமாவாசை கழிந்ததும் கழு.

பூவலிங்கம் சந்தையில் நின்று தொண்டை வற்றப் பேசினார். போன உயிர் இதனால் திரும்பி வருமா என்று கேட்டார். சனங்கள் சிரித்தார்கள்.

"அம்புட்டுப் பாசம்னா உம்ம வீட்டுக்குக் கூட்டிட்டுப் போயித் தாலாட்டும்" என்றாள் வெற்றிலைக்காரி.

அவர் சோர்ந்துபோய் மடத்துக்கு வந்தார்.

"இந்த ஊரு மனசு எப்பம்மா மாறும்?"

அறம்வளர்த்தாள் புளிக்குழம்பை இறக்கிக்கொண்டிருந்தாள். "இன்னைக்கு மாசானத்துக்குச் சோறு நம்ம முறை. சட்டியத் தூக்கிட்டு வாரும் ஐயா."

கழுவுக்குக் காத்திருப்பவனுக்கு ஊரார் வீட்டு முறை வைத்துச் சோறு போடவேண்டும். ஆனால் முகத்தைப் பார்க்கக் கூடாது, பார்த்தால் குடும்பத்துக்கு ஆகாது என்று பயம். கதவடித் துவாரத்தில் சட்டியைத் தள்ளிவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் வந்துவிடுவார்கள்.

அறம்வளர்த்தாள் தள்ளவில்லை. காவல்காரனிடம் கதவைத் திறக்கச் சொன்னாள். அவன் தயங்கினான். உனக்கும் ஒரு கைச் சோறு உண்டு என்றதும் திறந்துவிட்டான்.

அவள் மாசானத்துக்கு எதிரே போய் உட்கார்ந்தாள். அவன் குனிந்தபடியே தின்றான்.

"உப்பு போதுமா?"

"காணாது" என்றான்.

பூவலிங்கத்துக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

திரும்பும் வழியில் கிணற்றடியில் நின்றாள். அடுத்த முறைக்காரியிடம், அவன் கத்தரிக்காயை ஒதுக்கி வைக்கிறான் என்று மட்டும் சொன்னாள். கழுவைப் பற்றிப் பேச்சே எடுக்கவில்லை.

அடுத்த முறைக்காரி மீன்குழம்பு வைத்தாள். அவன் என்ன செய்கிறான் பார்ப்போம் என்று எட்டிப் பார்த்தாள். மறுசோறு கேட்டான் என்று கிணற்றடியில் வந்து பெருமையாகச் சொன்னாள். அடுத்த வீட்டுக்காரிக்கு ரோசம் வந்துவிட்டது. அவளும் போய் உட்கார்ந்து பார்த்தாள். யார் குடும்பத்துக்கும் ஒன்றும் ஆகவில்லை. அவனுக்கு இருமல், சுக்கு தட்டிக் கொண்டுபோங்கள் என்று ஒருத்தி மற்றவளிடம் சொல்லும் அளவுக்கு வந்துவிட்டது.

அப்புறம் குருவம்மாள் வீட்டு முறை வந்தது. செத்துப்போன உலகனின் பெண்சாதி.

பூவலிங்கம் பதறினார். அந்த வீட்டைத் தாண்டி விட்டுவிடலாம், அவள் கையில் விஷம் இருந்தாலும் இருக்கும் என்றார்.

"அவ முறையை எடுக்க நாம யாரு ஐயா?" என்றாள் அறம்வளர்த்தாள்.

குருவம்மாள் உப்பில்லாத கஞ்சி கொண்டுவந்தாள். தரையில் டொக்கென்று வைத்தாள். பூவலிங்கம் வாசலில் நின்றார். மாசானம் கஞ்சியைத் தொடவில்லை.

அவள் எதிரே உட்கார்ந்து கேட்டாள். "விழுந்தப்புறம் அவரு பேசுனாரா?"

"பேசுனாரு."

"என்ன சொன்னாரு?"

"சின்னவ முழிச்சிருப்பா, என்னையத் தேடுவான்னு சொன்னாரு."

அவள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். பிறகு, இன்னொரு தரம் சொல்லு என்றாள். சொன்னான். மறுநாள் முறையில்லாமலே வந்து, மறுபடி சொல்லச் சொல்லிக் கேட்டுக்கொண்டு போனாள்.

அமாவாசை கழிந்தது. செத்தவன் வீட்டார் ஒரு கைப்பிடி மண் போட்டால்தான் கழுமரம் நடுவார்கள். பாளையக்காரர் குருவம்மாளைக் கூப்பிட்டார். குழிக்குப் பக்கத்தில் போனாள். குனியவில்லை.

"நான் அவனை மன்னிக்கல. வெளிய விடுங்கன்னும் சொல்லல" என்றாள். "எம்மக பெரியவளானா அப்பா கடைசியா என்ன சொன்னாருன்னு கேப்பா. கேட்ட காது அவன் ஒருத்தன் காதுதான். அவன் உசுரோட கெடக்கட்டும் சாமி."

அவளுக்குப் பதில் மண் போட வேறு யார் வருகிறீர்கள் என்றார் பாளையக்காரர். ஆண்கள் பெண்களைப் பார்த்தார்கள். பெண்கள் மாசானத்தைப் பார்த்தார்கள். ஒருத்தரும் வரவில்லை. பாளையக்காரர் அவனைக் கொட்டடிக்கே கொண்டுபோகச் சொல்லிவிட்டார். இந்த அமாவாசையோடு முறை முடிந்ததே, நாளைக்குச் சோறு யாருடையது என்று கூட்டத்தில் ஒருத்தி கேட்டாள்.

பூவலிங்கம் மடத்துக்கு ஓடாத குறையாக வந்தார். முகமெல்லாம் சிரிப்பு. மேற்குப் பாளையத்திலும் கழுவுக்கு ஆட்களைப் பிடித்து வைத்திருக்கிறார்களாம், விடியட்டும், அங்கேயும் போய்ச் சந்தையில் நின்று பேசப் போகிறேன் என்றார்.

அறம்வளர்த்தாளுக்கும் சந்தோஷம். வழிக்கு அவல் கட்டிக் கொடுத்தாள்.

"அவங்க பேரு என்ன ஐயா?" என்று கேட்டாள்.

"பேரைக் கேக்கலையேம்மா" என்றார் பூவலிங்கம், அவல் மூட்டையைக் கையில் வைத்துக்கொண்டு.