பழைய வரிசையில் பதினோரு மெயில்கள்

“எல்லாம் சரியாத்தான ஓடுது மேடம். பொறவு ஏன் கையெழுத்துப் போட மாட்டேங்கிறீங்க?”

கேட்டவர் ஆவுடையப்பன். வயது ஐம்பத்து நான்கு. மலையடிவாரத்தில் இருக்கிற கண் ஆஸ்பத்திரியின் கம்ப்யூட்டர் அறையில் இருபது வருடமாக வேலை.

கையெழுத்துப் போட வேண்டியவர், கம்ப்யூட்டர் அறைக்குப் பொறுப்பாளர் சகாயராணி. வயது முப்பத்து மூன்று. ஆஸ்பத்திரிக் கம்ப்யூட்டரை இயக்குகிற யூனிக்ஸைக் கற்றுக்கொள்ள வேண்டும் என்று ஆவுடையப்பன்தான் அவரிடம் போய் நின்றார். மகள் வயதுள்ளவரிடம் பாடம் கேட்பதில் அவருக்கு வெட்கம் இல்லை. கையெழுத்துக்குக் காத்து நிற்பதில்தான் கொஞ்சம் மனத்தாங்கல்.

நடந்தது இதுதான்.

ஆஸ்பத்திரியின் யூனிக்ஸ் இயந்திரத்தோடு கூடவே ஒரு மெயில் சர்வர் வந்திருந்தது. நோயாளிகளுக்கும் வெளியூர் டாக்டர்களுக்கும் போகிற மெயில்களை வாங்கிக் கொண்டுபோய்ச் சேர்ப்பது அதன் வேலை. நல்ல உழைப்பாளி. ஆனால் அதன் அமைப்புக் கோப்பு இருக்கிறதே, அதைப் படிக்க உட்கார்ந்தவர்கள் பாதியில் காபி குடிக்கப் போனால் திரும்பி வருவதில்லை.

ஞாயிற்றுக்கிழமை ஆவுடையப்பன் தனியாளாக உட்கார்ந்து அந்தச் சர்வரையே மாற்றினார். புதிய மென்பொருளை ஏற்றினார். பழையதை நிறுத்தினார். எந்தப் புரோகிராம் மெயில் அனுப்பக் கூப்பிட்டாலும் இனிமேல் புதியதுதான் வந்து நிற்கும். தனக்குத்தானே ஒரு மெயில் அனுப்பிப் பார்த்தார். வந்தது.

‘மெயில் சர்வர் மாற்றம். முடிந்த நாள்: ஞாயிறு’ என்று படிவம் எழுதி சகாயராணியின் மேஜையில் வைத்தார்.

திங்களும் செவ்வாயும் சகாயராணி லீவு. இன்று புதன்.

“இன்னும் போகாம வரிசையில எத்தன மெயில் நிக்குது சார்?” என்றார் சகாயராணி.

“ஒண்ணுகூட இல்ல. காலி. நீங்களே பாருங்க.”

திரையைத் திருப்பிக் காட்டினார். காலிதான்.

“இது எதோட வரிசை?”

“புதுசோடது.”

சகாயராணி மணி பார்த்தார். இரண்டாக ஐந்து நிமிடம்.

“வாங்க. வார்டு வரைக்கும் போயிட்டு வருவோம்.”

“அங்க ஏதும் ரிப்பேரா?”

“இல்ல.”

வார்டு வாசலில் இருவரும் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போனார்கள்.

காலை டியூட்டி முடிந்து ரோஸ்லின் சிஸ்டர் வீட்டுக்குக் கிளம்புகிற நேரம். மதிய டியூட்டிக்குக் கோமு சிஸ்டர் வந்துவிட்டார். இருவரும் கட்டில் கட்டிலாக நடந்தார்கள்.

“ஒண்ணாம் நம்பர். மூணு மணிக்குச் சொட்டு மருந்து போடணும்.”

“வாங்கிக்கிட்டேன்.”

“ரெண்டு. கட்டு நாளைக்குத்தான் பிரிக்கணும். அரிக்குதுன்னு கையைக் கொண்டு போவாரு, விடாதீங்க.”

“வாங்கிக்கிட்டேன்.”

மூன்றும் நான்கும் அப்படியே கைமாறின. ஐந்தாம் கட்டில் காலியாக இருந்தது.

“இங்க இருந்தவரு ஸ்கேனுக்குப் போயிருக்காரு. இன்னும் வரல,” என்றார் ரோஸ்லின்.

கோமு சிஸ்டர் இதற்கு மட்டும் ‘வாங்கிக்கிட்டேன்’ சொல்லவில்லை.

சிஸ்டர்கள் இருவரும் அந்தக் காலிக் கட்டில் பக்கத்திலேயே நின்றார்கள். வெளியே பஸ் ஹாரன் கேட்டது.

“உங்க பஸ்ஸு சிஸ்டர்,” என்றார் ஆவுடையப்பன், பொறுக்கமாட்டாமல்.

“போகட்டும் சார். அடுத்ததுல போய்க்கிடுதேன்.”

பத்து நிமிடம் கழித்து, சக்கர நாற்காலியில் ஒரு பெரியவர் வந்து சேர்ந்தார். ரோஸ்லின் அவரைக் கட்டிலில் படுக்கவைத்தார்.

“அஞ்சு.”

“வாங்கிக்கிட்டேன்.”

ஆவுடையப்பன் சகாயராணியின் பக்கம் திரும்பினார்.

“நல்ல பழக்கந்தான். ஆனா இதுக்கும் நம்ம சர்வருக்கும்…”

செருப்பை வார்டு வாசலிலேயே விட்டுவிட்டு ஓடினார்.

சகாயராணி கம்ப்யூட்டர் அறைக்கு வந்தபோது, ஆவுடையப்பன் பழைய சர்வரின் வரிசையைத் திறந்து வைத்திருந்தார். அதில் பதினோரு மெயில்கள் இருந்தன.

சனிக்கிழமை மழையில் வெளியூர்ச் சர்வர்கள் சில படுத்துவிட்டன. போய்ச் சேராத மெயில்களைக் கையில் வைத்துக்கொண்டு, பழையது அரை மணிக்கு ஒரு தடவை முயன்று பார்த்துக்கொண்டிருந்தது. ஞாயிற்றுக்கிழமை ஆவுடையப்பன் அதை நிறுத்திவிட்டார். புதியதற்கு அந்த வரிசை இருப்பதே தெரியாது.

ஆவுடையப்பன் ஒவ்வொன்றாக வாய்விட்டுப் படித்தார். ஒன்பதாவது, மலைமேல் இருக்கிற ஒரு சின்ன ஆஸ்பத்திரிக்கு எழுதியது.

“நோயாளி வெள்ளத்தாய். பொருத்துவதற்குக் கருவிழி கிடைத்துள்ளது. வியாழன் காலை ஏழு மணிக்குள் அனுப்பிவைக்கவும்.”

வியாழன் என்றால் நாளை. வெள்ளத்தாய் இந்த மெயிலுக்காக இரண்டு வருடமாகக் காத்திருக்கிறார். குறித்த நேரத்துக்கு வராவிட்டால் பட்டியலில் அடுத்த பெயருக்குப் போய்விடும்.

ஆவுடையப்பனுக்குப் பயமாக இருந்தது. வெட்கம் அதற்குப் பிறகுதான் வந்தது.

சகாயராணியின் முகமும் மாறிவிட்டது. இவ்வளவு பெரிதாக இருக்கும் என்று அவரும் நினைக்கவில்லை.

“ஞாயித்துக்கிழமை மாத்தப்போறீங்கன்னு தெரியும். லீவுன்னாலும் நான் ஒரு போன் போட்டுக் கேட்டிருக்கணும் சார்,” என்றார். “என் மேலயும் தப்பு இருக்கு.”

ஆவுடையப்பன் அதைக் காதில் வாங்கவில்லை. மலை ஆஸ்பத்திரிக்குப் போன் போட்டுக்கொண்டிருந்தார். நாலாவது தடவை எடுத்தார்கள்.

“கடைசி பஸ் அஞ்சு மணிக்கு,” என்றது அந்தக் குரல். “ஆளனுப்பிப் பார்க்கோம். எஸ்டேட்டுல எங்க நிக்காங்களோ.”

போனை வைத்துவிட்டு, பழைய சர்வரை மறுபடி எழுப்பினார். புதிதாக எதையும் வாங்க அல்ல, கையில் இருப்பதைக் கொடுத்து முடிக்க மட்டும்.

பதினொன்று பத்தாயிற்று. பத்து ஏழாயிற்று. இருவரும் நின்றபடியே பார்த்தார்கள். கடைசி மெயிலும் போன பிறகு ஆவுடையப்பன் பழையதை நிறுத்தினார். ஞாயிற்றுக்கிழமை ஒரு நொடியில் நிறுத்தியதை, இன்று நிறுத்த அவருக்குக் கொஞ்ச நேரம் பிடித்தது.

ஐந்தேகாலுக்குப் போன் மணி அடித்தது.

“மகனோட ஏத்திவிட்டாச்சு,” என்றது அந்தக் குரல்.

ஆவுடையப்பன் உட்கார்ந்தார். காலில் செருப்பு இல்லை என்பது அப்போதுதான் தெரிந்தது.

சகாயராணி படிவத்தை எடுத்தார். ‘ஞாயிறு’ என்பதை அடித்துவிட்டுப் ‘புதன்’ என்று எழுதினார். பேனா கையெழுத்து இடத்துக்கு இறங்கியது.

ஆவுடையப்பன் படிவத்தின் மேல் கையை வைத்து மறைத்தார்.

“நாளைக்குப் போடுங்க மேடம். வெள்ளத்தாய் இன்னும் பஸ்ஸுலதான வாராங்க.”